ஊதிட்டுப் போங்க

ஜூன் 30, திங்கள்

மூக்கு டாக்டர் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கிருக்கும் வேலைக்கு இது ஒன்றுதான் குறைச்சல். மகள் தர்ஷனாவின் போன வருஷ ரஃப் நோட்டில் பின்பாதி காலியாகக் கிடந்தது. அதில்.

போன மாதம் வந்த காய்ச்சலோடு எனக்கு வாசனை போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை வரவில்லை. டாக்டர் சின்னப் பெண். "பயப்படாதீங்க, மூக்குக்கு மறுபடியும் சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான்" என்றாள். எலுமிச்சம்பழத் தோல், கிராம்பு, காப்பித்தூள், நீலகிரித் தைலம். நான்கையும் காலையிலும் மாலையிலும் கண்ணை மூடி முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஞாபகம் எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டும். சின்ன வயசு ஞாபகம் என்றால் இன்னும் நல்லதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இட்லி மாவு அரைத்து விற்கிறவளுக்குக் கண்ணை மூடி உட்கார நேரம் எங்கே இருக்கிறது?

"வீட்டில எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களா? கேஸ் லீக் ஆனாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்று கேட்டாள்.

சொல்லிட்டேன் என்றேன். பொய். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மார்கழிக் காலையில் குடித்துவிட்டு வேனை மின்கம்பத்தில் கொண்டுபோய் ஏற்றினார். கவின் என்ற பையனுக்கு முன்பல் போனது. அத்தோடு போனதே, அதுவே பெரிய விஷயம். பிறகு மறுவாழ்வு மையம், மாத்திரை, அழுகை எல்லாம் ஆயிற்று. திரும்பி வந்ததும் நான்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸ் ஃபிலோமினா சிஸ்டர் முன்னால் நின்றேன். "அவரை நான் நம்பல சசிரேகா. உன்னை நம்புறேன். தினம் காலையில நீ பார்த்து, சரின்னு உனக்குத் தெரிஞ்சாத்தான் வண்டி கிளம்பணும்" என்றார்.

அன்றிலிருந்து வேன் சாவி என் இடுப்பில். தினமும் காலையில் "ஊதிட்டுப் போங்க" என்பேன். அவர் என் முகத்துக்கு நேரே வாயால் ஊதுவார். நான் முகர்ந்து பார்த்துச் சாவியைக் கொடுப்பேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் இதுதான் சாமி கும்பிடுவது மாதிரி.

காய்ச்சலுக்குப் பிறகும் ஊதுகிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாவியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் சுத்தமாக இருக்கிற மனுஷன். இப்போது போய் மூக்கு இல்லை என்று சொன்னால் வேலி இல்லாத கொல்லை ஆகிவிடும். சிஸ்டரிடம் சொன்னால் வேன் நின்றுவிடும். மூக்கு எப்படியும் திரும்பிவிடும் என்கிறாள் டாக்டர். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நல்லது.

ஜூலை 1, செவ்வாய்

எலுமிச்சை, ஒன்றுமில்லை. காப்பி, ஒன்றுமில்லை. மற்றதும் அப்படியே. அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இன்று தர்ஷனாவையும் அவரையும் அனுப்பிவிட்டு ஒழுங்காக உட்கார்ந்தேன்.

கிராம்பு என்றால் எனக்கு அப்பா. அப்பா மணப்பாறையில் தையல்கடை வைத்திருந்தார். விளக்கு வைத்த பிறகு வருவார். சட்டையில் மிஷின் எண்ணெயும் இஸ்திரிப் பெட்டிக் கரியும் புதுத்துணியும் கலந்து மணக்கும். வாயில் கிராம்பு. எப்போதும் ஒரு கிராம்பைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பார். வாசலிலேயே என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றி, முகத்துக்கு நேரே சிரிப்பார். அந்தச் சிரிப்பில் வரும் கிராம்பு வாசனைக்காகவே நான் வாசலில் காத்திருப்பேன். சட்டைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும். கையை விட்டு நானே எடுத்துக்கொள்ளலாம்.

கோமதி அக்கா மட்டும் அப்பா செருப்புச் சத்தம் கேட்டதுமே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படிக்கப் போய்விடுவாள். அவ்வளவு படிப்பாளி. அம்மாவோ அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வரும். நாளெல்லாம் மிஷினை மிதித்துவிட்டு வருகிற மனுஷனிடம் இப்படி மூஞ்சியைக் காட்டுகிறாளே என்று.

கிராம்பு டப்பாவை மூக்கோடு வைத்து அப்பாவை நினைத்தேன். அப்பா வந்தார், வாசனைதான் வரவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கிரைண்டரைப் போட்டேன்.

ஜூலை 5, சனி

எலுமிச்சை என்றால் பஸ். எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கையில் கொடுப்பாள். ஜன்னல் காற்று, டீசல், எலுமிச்சை. மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு லீவு விட்ட மாதிரி இருக்கும்.

தைலம் என்றால் அம்மா. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அம்மா அடுப்படியில் உட்கார்ந்து தோளிலும் முழங்கையிலும் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் போய் ஒட்டிக்கொண்டு கழுத்தில் முகத்தை வைத்து இழுத்து இழுத்து முகர்வேன். மூக்கெல்லாம் ஜில்லென்று ஆகும். "என்னம்மா வலி?" என்றால் "தண்ணிக் கொடம் தூக்கினதுடி" என்பாள். எங்கள் வீட்டு வாசலிலேயே குழாய் இருந்தது. எங்கே போய்க் குடம் தூக்கினாள் என்று தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் அதையெல்லாம் எங்கே யோசிக்கிறோம்.

இன்று சனிக்கிழமை என்பதால் இரண்டு மடங்கு மாவு. இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூலை 8, செவ்வாய்

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "என்ன சசி, தெரு பூரா கருகல் நாத்தம்! உனக்குத் தெரியலயா?"

உள்ளே வந்து பார்த்தால் பால் பாத்திரம் அடுப்புக்கரி நிறத்தில் இருக்கிறது. "சளிங்க. மூக்கு அடைச்சிருக்கு" என்றேன். பாத்திரத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். என்னை ஒருமாதிரி பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"எத்தனை நாளா சளி?"

"நேத்துலேர்ந்துதான்" என்றேன்.

பாத்திரத்தை அவரே தேய்த்தும் வைத்தார். பாவம்.

ஜூலை 11, வெள்ளி

கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து வந்து என் தலையில் பூ வைத்தார். கல்யாணமான புதிதில் செய்தது. கையெல்லாம் மாவு, திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை.

"எப்படி மணக்குது?" என்றார்.

"ஆகா, வீடே மணக்குதே" என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் பார்த்தேன். தலையில் கனகாம்பரம். கனகாம்பரத்தில் ஏது வாசனை! எனக்குப் பக்கென்றது. நல்ல வேளை, அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ பேச்சுக்குச் சொன்னேன் என்று விட்டிருப்பார். ஆம்பளைகளுக்கு எந்தப் பூவுக்கு வாசனை உண்டு என்று எங்கே தெரியப்போகிறது.

ஜூலை 14, திங்கள்

எதிர்வீட்டு சுகன்யா வாளியோடு வந்து நின்றாள். "என்னக்கா, மாவு இப்படிப் புளிச்சுக் கெடக்கு? பிள்ளை வாயில வைக்க மாட்டேங்குறான்." நான் அள்ளிக் கொடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். வேறு மாவு கொடுத்து அனுப்பினேன். அவள் பையன் நம் வேனில்தான் போகிறான். ஏறும்போது தினமும் எனக்கு டாட்டா காட்டுவான்.

இவர் முன்பெல்லாம் கடனே என்று ஊதுவார். கண்ணைப் பார்க்க மாட்டார், வெட்கம். புஸ்ஸென்று ஒன்று ஊதிவிட்டுக் கையை நீட்டுவார். இந்த ஒரு வாரமாகத்தான் கன்னத்தை உப்பிக்கொண்டு நீளமாக ஊதுகிறார். தர்ஷனா இட்லியை மென்றுகொண்டே பார்த்துச் சிரிக்கிறாள். "அப்பா பலூன் ஊதுற மாதிரி ஊதுறாரும்மா!" மனசில் பயம் போய்விட்டது போல. நல்லதுதானே.

ஜூலை 15, செவ்வாய்

தர்ஷனாவை விட்டு முகரச் சொன்னால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. "அப்பா வாயில என்ன வாசனை வருது, சொல்லு பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேட்டால் சொல்லிவிடும் குழந்தை. நினைத்த உடனேயே எனக்கு என்மேல் அருவருப்பாகிவிட்டது. மூன்றாவது படிக்கிற பிள்ளையை, அதைப் பெற்ற அப்பனிடமே மோப்பம் பிடிக்க விடுவதா? சீ.

ஜூலை 17, வியாழன்

சிஸ்டர் போன் செய்தார். மாதம் ஒருமுறை செய்வார்.

"எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்கார் சிஸ்டர்."

"தினம் பார்க்கிறியா?"

"பார்க்காம வண்டிய எடுக்க விடுறதில்லைங்க சிஸ்டர்."

"கடவுள் உனக்குப் பலம் குடுக்கட்டும்" என்றார். போனை வைத்த பிறகு வெகுநேரம் உளுந்தைக் களைந்துகொண்டே இருந்தேன். தண்ணீர் தெளிந்த பிறகும்.

ஜூலை 21, திங்கள்

அலுப்பு. நான்கு டப்பாவையும் முகர்ந்தேன். வெறும் காற்று.

இவர் புதுத் தலையெண்ணெய் வாங்கியிருக்கிறார். சட்டை மாற்றாமல் வெளியே போகமாட்டேன் என்கிறார். மதியம் படுத்தால் எழுப்ப வேண்டியிருக்கிறது. வெயிலில் ஓட்டுகிற உடம்பு.

ஜூலை 25, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலையில் வழக்கம்போல "ஊதிட்டுப் போங்க" என்றேன். கன்னத்தை உப்பி ஊதினார். கிராம்பு! முதலில் நம்பவில்லை. "இன்னொரு தடவை ஊதுங்க" என்றேன். ஊதினார். கிராம்பேதான். டப்பாவைத் திறந்து முகர்ந்து ஒன்றும் வராமல் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன், அது இவர் வாயிலிருந்து வருகிறது. மிஷின் எண்ணெய், இஸ்திரிக் கரி, ஆரஞ்சு மிட்டாய், மணப்பாறை வீட்டு வாசல், எல்லாம் ஒரே மூச்சில் வந்து நின்றுவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக அப்பா தோள்மேல் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிக்கிறேன். "கிராம்பு வாசனை வருதுங்க! எங்கப்பா வாசனை!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எப்பலேர்ந்து?" என்றார்.

"இப்பத்தாங்க, இந்த நிமிஷம்தான்!"

"வேற எதுவும் தெரியுதா?"

"வேற ஒண்ணும் இல்ல. கிராம்பு மட்டும்தான்."

அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். தர்ஷனா முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். சுகன்யா பையன் டாட்டா காட்டினான். வேன் போயிற்று.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது. மணப்பாறைக்கு அக்காவைக் கூப்பிட்டேன். மூக்கு போன கதையையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். திட்டினாள். பிறகு, "எந்த வாசனைடி முதல்ல வந்துச்சு?" என்று கேட்டாள்.

"கிராம்புக்கா. அப்பா வாசனை. அப்பா வந்து பக்கத்தில நின்ன மாதிரி இருந்துச்சு."

"எனக்கு அந்த வாசனையே இன்னைக்கும் ஆகாதுடி" என்றாள். "பிரியாணியில ஒரு கிராம்பு வாயில அகப்பட்டாலும் துப்பிடுவேன். அப்பா எதுக்குக் கிராம்பு மென்னாருன்னு நினைச்சே?"

"எதுக்கு? பழக்கம்."

"சாராயம் குடிச்சுட்டு வந்தாருடி. நாத்தம் தெரியக்கூடாதுன்னு மெல்லுவாரு. அம்மாவுக்குக் கிராம்பு வாசனை வந்தாலே தெரிஞ்சிரும், இன்னைக்கு ராத்திரி இருக்குன்னு. உன்னைத் தூக்கிக் கொஞ்சி, மிட்டாய் குடுத்து, நீ தூங்கினப்புறம்தான் எல்லாம். அந்தச் சத்தம் கேட்டு நான் பக்கத்து வீட்டு அத்தை மடியில காதைப் பொத்திக்கிட்டுக் கிடப்பேன்."

"என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"அம்மாதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. 'ஒருத்தியாவது அப்பான்னு ஆசையா இருக்கட்டும்'னு சொல்லுவா. நானும் விட்டுட்டேன்."

எனக்குத் தைலம் தேய்த்த அம்மா தோள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் முகத்தை வைத்து ஆசை ஆசையாக முகர்ந்தேனே! அழக்கூட முடியவில்லை. அப்போது அக்கா கேட்டாள், "சசி, அது இருக்கட்டும். காலங்காத்தால உன் வீட்டில கிராம்பு மென்னது யாரு?"

போனை அப்படியே வைத்துவிட்டேன்.

வேன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார், அதுவும் நான் போட்ட சட்டம்தான். பள்ளிக்கூட ஆபீசில் கேட்டேன். வேன் வந்துவிட்டது, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவர் "எப்பலேர்ந்து?" என்று கேட்டது அப்போதுதான் உறைத்தது. எனக்கு வாசனை போனதே தெரியாத மனுஷனாக இருந்தால் "என்னடி உளர்றே" என்றுதானே கேட்டிருப்பார்? இவருக்குத் தெரிந்திருக்கிறது. பால் கருகிய அன்றைக்கே சந்தேகம். கனகாம்பரம் வைத்த அன்றைக்கு நிச்சயம். நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி மறைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் தெருமுனைக்குப் போய் நின்றேன். வேன் வளைவில் திரும்பி வந்து நின்று, ஒவ்வொரு பிள்ளையாக இறங்கி, கடைசியாகத் தர்ஷனா இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டேன். "விடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

ஜூலை 26, சனி

கேட்டுவிட்டேன். "எதுக்குக் கிராம்பு?"

"பல்வலி" என்றார். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். கறுப்பாகத்தான் இருக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது ஊர் உலகத்தில் இல்லாததா?

"எனக்கு மூக்கு போனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பால் கருகுன அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"தெரிஞ்சுமா தினம் வந்து ஊதினீங்க?"

"நீயும்தானே தெரிஞ்சே மோந்து பாத்துச் சாவி குடுத்தே?" என்றார்.

கொஞ்சம் கழித்துத் தணிந்த குரலில் சொன்னார்: "சந்தேகப்படு சசி, உனக்கு உரிமை இருக்கு. ஆனா சிஸ்டர்கிட்ட வாயத் தொறந்தேன்னா என் கதை முடிஞ்சுது. பல்வலிக்காக என்னைக் கொன்னுறாத."

அவர் வெளியே போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். வேனுக்குள்ளும் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று காப்பி லேசாக வந்தது, ஆனால் கருகின ரப்பர் மாதிரி. டெட்டால் வரவில்லை. பினாயில் வரவில்லை. பீரோவுக்குள் தலையை விட்டு ரசகற்பூரத்தை முகர்ந்தேன், அதுவும் வரவில்லை. கிராம்பு மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறது. அதற்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று என் மூக்குக்குத் தெரியாது.

உண்மையிலேயே பல்வலியாக இருந்தால்? எத்தனை பேர் எத்தனை தடவை இவரைக் குடிகாரன் என்றபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர். மையத்தில் சொல்லி அனுப்பினார்கள், வீட்டில் உள்ளவர்கள் சந்தேகப்பட்டால் அதுவே மறுபடி குடிக்க வைக்கும் என்று. நாளைக்குச் சாவியைக் கொடுக்காவிட்டால் ஒரு நல்ல மனுஷனை நானே குழியில் தள்ளுகிறேன். கொடுத்தால் பிள்ளைகள். தர்ஷனா முன் சீட்டில். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை. அம்மா இத்தனை வருஷம் எப்படித்தான் நின்றாளோ அந்த அடுப்படியில்.

ஜூலை 28, திங்கள்

காலையில் அவர் குளித்துத் தலைசீவித் தயாராக வந்து என் முன்னால் நின்றார். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் "ஊதிட்டுப் போங்க" என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவராகவே கன்னத்தை உப்பினார்.

அப்போது தர்ஷனா ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக இடையில் வந்து புகுந்தாள்.

"அம்மா, இன்னைக்கு நான் பாக்குறேம்மா! ப்ளீஸ்மா! அப்பா, எனக்கு ஊதுப்பா!"

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் பார்க்கிற பிள்ளை, அதற்கு இது ஒரு விளையாட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றுகொண்டாள். கண்ணை மூடி, நான் செய்கிற மாதிரியே மூக்கைச் சுருக்கி முகத்தை நீட்டினாள்.

"போடி, நேரமாச்சு" என்று சிரித்தார்.

"ஊதுப்பா! அம்மாவுக்கு மட்டும் ஊதுற!"

நான் அவளை இழுத்து விலக்கியிருக்கலாம். அன்றைக்கு எழுதினேனே, சீ என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். உதட்டைக் குவித்தார். பிள்ளை முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கன்னம் உப்பியது. அப்புறம் மெல்ல வற்றியது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூச்சையும் பிடித்துக்கொண்டார் போல, கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டார்.

பல்வலிக்காரன் ஊதியிருப்பான்.

என் முகத்தில் எத்தனை நாள் ஊதியிருக்கிறார், கன்னம் நிறைய. என் மகள் முகத்தில் ஊத அவருக்கு மனசு வரவில்லை. அதற்காக அவரைக் கும்பிடுவதா, இத்தனை நாள் எனக்கு ஊதியதற்காகச் செருப்பால் அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. நின்றேன்.

அவர் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேற டிரைவரை அனுப்பச் சொல்லு சசி. பிள்ளைங்க ரோட்டில நிக்கும்."

"அப்பா ஏன் ஊதலம்மா?" என்றாள் தர்ஷனா.

"அப்பாவுக்குப் பல்வலி" என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தண்ணிக்குடம் தூக்கியது என்று அம்மா சொன்னதும் இப்படி நுனியில் இருந்த பதில்தான். அந்தப் பதில்களால்தான் எனக்கு மணக்க மணக்க ஒரு அப்பா கிடைத்தார். அம்மா கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

"அப்பா குடிச்சிருக்காரு. அதான் ஊதல" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. தர்ஷனா நாற்காலியை விட்டு இறங்கினாள். அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வரும் என்று டீச்சர் சொல்வார்கள்.

"வெள்ளிக்கிழமை ஊதினாரே? அன்னைக்கும் குடிச்சிருந்தாரா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஆமாடி. குடிச்சிருந்தாரு."

"நீ மோந்து பாத்தியே! பாத்துட்டுத்தானே சாவி குடுத்தே?"

"அம்மாவுக்கு மூக்கில வாசனையே தெரியலடி. காய்ச்சல் வந்ததிலேர்ந்து தெரியல. தெரியாமயேதான் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவள் அழவில்லை. கையில் இருந்த இன்னொரு ஷூவைக் கீழே வைத்தாள்.

"நானும் அந்த வேன்லதானேம்மா போனேன்" என்றாள்.

அப்பா மேல் அவளுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் வரவில்லை.

சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். தெருவில் சுகன்யா பையன் பையை மாட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் நின்று, ஏன் இன்னும் கதவைத் திறக்கவில்லை என்று எட்டி எட்டிப் பார்த்தான். போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தேன். சிஸ்டரே எடுத்தார்.

"சொல்லும்மா சசிரேகா. எப்படி இருக்கார்?"

அவரைப் பற்றி அப்புறம் சொன்னேன். முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன்.